படத்தின் பின்பக்கம்

2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் கொட்டிய மழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பந்தல்குடி கால்வாய் நிரம்பி வழிந்து, செல்லூர்ப் பகுதியில் பல தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சில நாள் கழித்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே அவர்கள் குடும்ப ஆல்பம். நனைந்து, காய்ந்து, படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன.

“டீச்சர், இதப் பிரிச்சுத் தர முடியுமா? எங்க அப்பத்தா படம் இதுல மட்டுந்தான் இருக்கு.”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்கேலின் ஓரத்தை நுழைத்து மேலே இருந்த படத்தை நெம்பினேன். படம் பிரிந்தது. ஆனால் அடியில் இருந்த படத்தில் ஒரு பெண்ணின் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. முகம் முழுவதும் மேல் படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்துவிட்டது.

“இது அப்பத்தாவா?” என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“இல்ல டீச்சர். யாருன்னு தெரியல. அப்பத்தாவுக்குத்தான் தெரியும். அவங்க போன வருசம் இறந்துட்டாங்க.”

அந்தப் பிள்ளை அழவில்லை. எனக்குத்தான் அன்று இரவு உறக்கம் வரவில்லை. என் அவசரத்தால் ஒரு முகம் போனது. அதற்கு முன்பே, யாரும் எழுதி வைக்காததால் அந்த முகத்துக்குரிய பெயர் போயிருந்தது. இரண்டில் எது பெரிய இழப்பு என்று யோசித்தபோதுதான், பழைய புகைப்படங்களை வகுப்பறைக்குள் கொண்டுவரும் எண்ணம் வந்தது. அந்தச் செயல்பாட்டில் நானும் பிள்ளைகளும் கற்றவற்றையும், நான் செய்த இன்னொரு தவறையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வைகைக் கரையில் ஒரு கேமரா, 1858

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘வரலாறு என்றால் என்ன?’ என்று தொடங்குகிறோம். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று சான்றுகளைப் பட்டியலிடுகிறோம். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. புகைப்படம் அந்த வாய்ப்பைத் தருகிறது. அதைப் படிக்கத் தமிழ் எழுத்துப் பயிற்சியோ கல்வெட்டறிவோ தேவையில்லை. கண் போதும்.

நம் ஊரிலிருந்தே தொடங்கினேன். லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய் அங்கே படமெடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858இன் தொடக்கத்தில் மதுரையில் முகாமிட்டு மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் ஆகியவற்றைப் படமெடுத்தார். அக்காலத்தில் படச்சுருள் கிடையாது. மெழுகேற்றிய காகிதமே நெகட்டிவ். மரப்பெட்டி போன்ற பெரிய கேமராவையும் வேதிப்பொருள்களையும் ஊர் ஊராகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. பிறகு ஆளுநராக வந்த டிரெவெல்யன், இது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று கருதி இப்பணியை நிறுத்திவிட்டார். டிரைப்பின் படங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ளன. இணையத்தில் நாமும் பார்க்கலாம்.

அவற்றில் ஒன்று, வைகை ஆற்றையும் அதன் குறுக்கே செல்லும் தரைப்பாலத்தையும் காட்டுவது. ஆற்றைக் கடந்து மதுரையை நோக்கிய காட்சி என்பது டிரைப் அதற்குக் கொடுத்த தலைப்பு. அதை அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தலைப்பைப் படித்துச் சொல்லிவிட்டு, “கேமரா எந்தக் கரையில் நின்றிருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் சலசலப்பு. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “மதுரை அந்தப் பக்கம்னா... டீச்சர், அவரு நம்ம பக்கத்துல நின்னிருக்காரு!”

வைகையின் வடகரையில் வாழும் செல்லூர்ப் பிள்ளைகளுக்கு அந்த நொடியில் 1858 என்பது பக்கத்துத் தெருவாகிவிட்டது. அடுத்த கேள்வியை அவர்களே கேட்டார்கள். “ஏ.வி. பாலத்தக் காணோமே?” அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1889இல். ஆகவே, ஆண்டு எழுதப்படாத ஒரு வைகைப் படம் கிடைத்தால்கூட, அதில் அந்தப் பாலம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அது 1889க்கு முந்தையதா பிந்தையதா என்று ஓரளவு சொல்லலாம். படத்தில் இருப்பது மட்டுமல்ல, இல்லாததும் சான்றுதான் என்பதைப் பிள்ளைகள் இப்படிப் புரிந்துகொண்டார்கள்.

டிரைப் எடுத்த இன்னொரு படம் பிளாக்பர்ன் நினைவுத்தூண். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. படத்தைக் காட்டியதும், “இது நம்ம விளக்குத்தூண்!” என்றார்கள். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் கடந்து செல்லும் இடம் அது. 1840களில் மதுரையின் பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரித்த ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது. வெளி வீதிகளில் நடக்கும் நாம் அந்தக் கோட்டையின் எல்லையில்தான் நடக்கிறோம். நாயக்கர் அரண்மனைப் படங்களோ, 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்துச் சீரமைப்புக்கு முன் அது சிதிலமடைந்திருந்த நிலையைக் காட்டுகின்றன. சுற்றுலா சென்று இன்றைய அரண்மனையைப் பார்க்கும் மாணவரிடம் அந்த ஒரு படத்தைக் கொடுத்து, அதே கோணத்தில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாடவேளையில் சொல்லி முடியாததை அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

படம் மறைப்பதையும் சொல்லித்தர வேண்டும். டிரைப்பின் பல படங்களில் ஆட்களே இல்லை. “அப்ப ஊர்ல ஆளே இல்லையா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கால நெகட்டிவில் ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும். நடந்து செல்பவர் படத்தில் பதியாமலே போய்விடுவார், அல்லது புகைபோல் கலங்கித் தெரிவார். மேலும், வெறுமையாகத் தெரிந்த வானத்தில் டிரைப் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கியிருக்கிறார். “அப்பவே எடிட்டிங்கா!” என்று வகுப்பு சிரித்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கட்டடங்களையும் சின்னங்களையும் பதிவு செய்வது. நெசவாளி வீட்டுத் திண்ணையோ, பிள்ளைகள் விளையாடிய தெருவோ அந்த வேலையில் அடங்கவில்லை. அவற்றைத் தேட நாம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். நம் வீட்டுப் பரணுக்கு.

சீருடை சொன்ன பொய்

வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் ஒன்றைப் பார்த்து வரச் சொன்னேன். ஒரு மாணவன் தன் கொள்ளுத்தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரியவர்கள் அனுமதியோடு எடுத்து வந்தான். ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் தூணும் திரைச்சீலையும் வரைந்த துணி. முன்னால் தொப்பி, பொத்தான் வைத்த கோட்டு, இடுப்பில் பெல்ட் அணிந்த மனிதர், நிமிர்ந்து நிற்கிறார். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவர் இரண்டாம் உலகப் போரில் இருந்த ராணுவ வீரர்” என்று வகுப்புக்கு அறிவித்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் முகம் மலர்ந்தது.

மறுநாள் அவனுடைய அம்மாச்சி பள்ளிக்கு வந்தார்.

“டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கய்யா பட்டாளத்துக்குப் போகல. கல்யாணம், ஊர்வலத்துல பேண்டு வாசிச்சவரு. அது பேண்டு செட்டு உடுப்பு. பேரன் தெருவெல்லாம் பட்டாளம்னு சொல்லிட்டுத் திரியிறான்.”

படத்தை மறுபடி பார்த்தேன். தோளில் பின்னல் கயிறு. படைப்பிரிவைக் காட்டும் எண்ணோ சின்னமோ எங்குமில்லை. படத்தின் ஓரத்தில், அவர் கைக்கு அருகே, கிளாரினெட்டின் முனை. எல்லாம் அங்கேயேதான் இருந்தது. நான் சீருடையைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை.

பையனின் முகம் வாடியதை என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டேன். பிறகு அம்மாச்சியையே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்னோம். முகூர்த்த நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எந்தெந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகும், மழைக்காலத்தில் வருமானம் இல்லாதபோது வீட்டில் என்ன செய்தார்கள் என்று அரைமணி நேரம் பேசினார். பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. போர்வீரர் என்ற என் ஊகம் ஒரு வாக்கியத்தோடு முடிந்திருக்கும். பேண்டு வாசித்தவர் என்ற உண்மையில் ஒரு தெருவின் வாழ்க்கையே இருந்தது.

அதே வாரத்தில் இதற்கு நேர்மாறான படம் ஒன்றும் வந்தது. வேட்டி சட்டையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் சாதாரண மனிதர். முன்பக்கத்தில் சொல்லும்படி எதுவுமில்லை. திருப்பினால் ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை. பிழைப்புக்காகப் பர்மா சென்ற தமிழர்களில் அவர் ஒருவர். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அந்த மாதங்களில் பர்மாவிலிருந்து இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே பசியாலும் நோயாலும் இறந்தார்கள். இவர் நடந்தே ஊர் திரும்பியவர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சீருடை அணிந்தவரைப் போர் தொடவில்லை. வேட்டி கட்டியவர் போருக்கு நடுவிலிருந்து நடந்து வந்தவர். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

பெயர் இல்லாத முகங்கள்

எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரி துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதில் நிறையப் புகைப்படங்கள் உண்டு. அவற்றின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயரோ குழுப் பெயரோதான் இருக்கும். அந்த மனிதரின் பெயர் இருக்காது. கேமராவுக்கு முன் நின்றவர் ஒரு தனி மனிதர். நூலில் அச்சானபோது அவர் ஒரு ‘மாதிரி’ ஆகிவிட்டார்.

முதல் உலகப் போர் நினைவுக் கல்வெட்டுகளிலும் இதையே காண்கிறோம். அப்போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் படைவீரர்களாகவும் உழைப்பாளர்களாகவும் கடல் கடந்து பணியாற்றினார்கள். போருக்குப் பின் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் சிறு கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பதுதான் அவற்றின் வாசகம். எண்ணிக்கை இருக்கும், பெயர்கள் இருக்காது. உங்கள் பள்ளி இருக்கும் ஊரில், பழைய அலுவலகச் சுவரிலோ சாவடியிலோ அப்படி ஒரு கல் இருக்கலாம். இருந்தால் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். “போனவர்கள் யார்?” என்று கேட்டுப் பெயர் தேடுவதே ஓர் ஆய்வுப் பணியாக அமையும்.

நம் வீட்டு ஆல்பங்களில் நாமே இதே தவறைச் செய்துகொண்டிருக்கிறோம். படத்தில் இருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெயர் எழுதுவதில்லை. ஒரு தலைமுறை போனதும் அறிந்தவர் யாருமில்லை. நல்வாய்ப்பாக, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் ஆவணங்கள்’ திட்டத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஆய்வாளர் வர முடியாது. பேரப்பிள்ளை போக முடியும்.

வகுப்பறையில் எப்படிச் செய்வது?

என் தவறுக்குப் பிறகு நோட்டில் நான்கு கட்டங்கள் போடச் சொன்னேன்.

1. காண்பது: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். ‘ராணுவ வீரர்’ என்று எழுதக் கூடாது. ‘தொப்பி, கோட்டு, தோளில் கயிறு’ என்று எழுத வேண்டும்.

2. ஊகிப்பது: ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடுதான் வாக்கியம் முடிய வேண்டும். எதை வைத்து அப்படி நினைக்கிறோம் என்ற காரணமும் வேண்டும்.

3. கேட்டறிவது: வீட்டுப் பெரியவர் சொன்னது. யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

4. சரிபார்ப்பது: ஸ்டுடியோ முத்திரை, பின்பக்க எழுத்து, திருமணப் பத்திரிகை, பழைய கடிதம், வேறொரு பெரியவரின் நினைவு. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும்.

தொடக்க வகுப்புகளில் முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, “படத்துல எத்தன பேர்? யாரு நிக்கிறாங்க? யாரு உக்காந்திருக்காங்க?” என்று பேசுவதே நல்ல மொழிப் பயிற்சி. ஏன் பெரும்பாலும் ஆண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், பெண் நிற்கிறார் என்ற கேள்வியை உயர்நிலை மாணவர்களிடம் கேட்கலாம். கூட்டுக் குடும்பம், உடை மாற்றம், தொழில், இடப்பெயர்வு என்று விவாதம் விரியும். மதுரைப் பள்ளிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1959இல் தமுக்கம் அரண்மனையில் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு மனிதரின் வாழ்வைப் படங்களாலேயே வரிசையாகச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது. படங்களை அடுக்கி வரலாறு சொல்வது எப்படி என்பதற்கு நல்ல மாதிரி அது.

கவனம் வேண்டிய இடங்கள்

எல்லா வீட்டிலும் பழைய படம் இருக்காது. ஸ்டுடியோவுக்குப் போகக் காசில்லாத குடும்பங்களும், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களும் நம் வகுப்பில் உண்டு. ஆகவே ‘படம் கொண்டு வா’ என்பதைக் கட்டாயமாக்கக் கூடாது. குடும்ப அட்டையிலுள்ள படம், பள்ளிக் குழுப்படம், படமே இல்லாமல் பாட்டி சொன்ன ஒரு நினைவை வைத்து வரைந்த ஓவியம் எதுவானாலும் ஏற்கலாம். ‘எங்கள் வீட்டில் ஏன் படம் இல்லை’ என்று ஒரு மாணவி எழுதிய ஒரு பக்கம்தான் எங்கள் தொகுப்பில் மிகச் சிறந்தது.

சாதியைச் சுட்டும் கேள்விகளை வகுப்பில் எழவிடாமல் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருங்கள். இறந்தவர், பிரிந்து சென்றவர் பற்றிய படம் என்றால் பேசலாமா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் வாட்ஸ்அப் குழுவிலோ சமூக ஊடகத்திலோ பகிரக் கூடாது.

படத்தைக் காப்பாற்ற

அசல் படம் வீட்டிலேயே இருக்கட்டும். கைபேசியில் எடுத்த பிரதி வகுப்புக்குப் போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். அசலைத் தொட நேர்ந்தால் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். பசை, செல்லோ டேப், லேமினேஷன் மூன்றும் வேண்டாம். பழைய படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும், அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். இப்போதைய வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குத் தனித் தாளில் எழுதி உடன் வைக்கலாம்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்துச் சற்றுச் சாய்வாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

நனைந்து ஒட்டிய படங்களைக் காய்ந்த நிலையில் உரிக்கக் கூடாது. நான் செய்த பிழை அதுதான். ஸ்டுடியோவில் கழுவி எடுத்த படங்கள் என்றால், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் தாமாகவே நெகிழ்ந்துகொடுக்கும். பிறகு மெல்லப் பிரித்து, வேறு தண்ணீரில் அலசி, படம் மேல்நோக்கி இருக்கும்படி வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். வெயில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் கூடாது. வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்ட படங்களையும் கையால் வண்ணம் தீட்டிய படங்களையும் தண்ணீரில் போடக் கூடாது, சாயம் கரைந்துவிடும். எதைச் செய்யும் முன்பும் இருக்கிற நிலையிலேயே கைபேசியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

அந்த மாணவியின் ஆல்பத்தில் மிச்சமிருந்த கட்டியை, இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, அவளுடைய அம்மாவின் சம்மதத்தோடு அவர்கள் வீட்டிலேயே ஒரு தாம்பாளத் தண்ணீரில் ஊறவைத்தோம். எல்லாம் பிழைக்கவில்லை. அப்பத்தா படம் ஓரம் கறைபட்டாலும் முகம் தெளிவாகத் தப்பியது. உலர்ந்ததும் அவள் அதைத் திருப்பிவைத்து, பென்சிலால் பெயர், ஊர், படம் எடுத்த இடம் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள்.

முகம் போன அந்தப் படத்தையும் அவள் தூக்கிப் போடவில்லை. அதன் பின்னால் இப்படி எழுதியிருக்கிறாள்: ‘அப்பத்தாவுக்குத் தெரிந்தவர். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.’

உங்கள் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் வீடுகளில், பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வார வீட்டுப்பாடமாக ஒரே ஒரு படத்தைக் கொடுங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “இது யாரு?” என்று கேட்டு, பின்பக்கத்தில் எழுதி வரச் சொல்லுங்கள்.